உறியில் தொங்கிய கருவாடு

என் கையில் இருக்கிற பொருள் லேசில் கெடாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், இல்லையென்று சொல்வானேன். கல்யாணச் சீரில் வந்த வெண்கலப் பானை இன்னும் ஒரு பொத்தல் இல்லாமல் இருக்கிறது. போடிச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கம்பளி என் மூன்று பிள்ளைகளைப் போர்த்தி, பேரப்பிள்ளைகளையும் போர்த்திவிட்டது. குடைக்கு நாலு தடவை துணி மாற்றியிருக்கிறேன், கம்பி அதே கம்பிதான். "அம்மா வச்சிருந்தா தீக்குச்சிகூட ரெண்டு தடவ எரியும்" என்று என் மகன் கேலி பண்ணுவான். பண்ணட்டும். இவர்கள் வாங்கி வருகிற வாளி ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கிறது, அதைத் தூக்கி எறியக் கொஞ்சம் வெட்கமாவது இருக்கிறதா!

என் சிநேகிதத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். "மதினியும் நீங்களும் மாதிரி ஒரு பழக்கத்த இந்தக் காலத்துல எங்க பாக்க முடியும்" என்று தெருவில் சொல்லாதவர்கள் கிடையாது. கேட்கிறபோதெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். யார் மேல் கோபம் என்று வீட்டில் ஒருவருக்கும் புரியாது. கிழவிக்கு வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். போடியிலிருந்து முந்தல் வரைக்கும் வண்டியில் வரலாம், அதற்கு மேல் நடைதான். அரிசியும் உப்பும் கழுதை முதுகில் ஏறும். இறங்கும்போது அதே கழுதைகள் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் விற்கிற இடம் இல்லை, ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். வெளியே பெரிய அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே அறையைச் சுற்றிவரும். அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக்காயைப் பரப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போய்க் கிளறிவிட்டு வருவார்.

மழைக்காலத்தில் அந்த மலையில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். சேலை மூன்று நாளானாலும் ஈரம் போகாது. உப்பு தண்ணீராக ஓடும். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படுப்போம். பெண்கள் எல்லாரும் பிள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வருவார்கள். "அண்ணே, ஒரு நாழி உள்ள போட்டுத் தாங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். அவர் அசைய மாட்டார். ஏலக்காய் பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தன்மேல் இழுத்துக்கொள்ளும், அப்புறம் அதை எமன் வந்தாலும் போக்க முடியாது. "அடுப்புச் செவத்துக்கு வெளிய போடுங்க ஆத்தா, உள்ள மட்டும் கேக்காதீக" என்பார். இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

மதினி எங்களுக்கு அடுத்த வீடு. சொந்த மதினி இல்லை. கீழே சிலமலை என்கிற ஊர்க்காரி, என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள் புருஷனுக்குத் தோட்டத்தில் களைவெட்டு. நான் புதுப்பெண்ணாக மலையேறி வந்த அன்றைக்கு என் காலில் அட்டை ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போட்ட கூப்பாட்டில், புகையிலைத் தண்ணீரோடு ஓடி வந்தவள் அவள்தான். "ஏ புள்ள, அட்டைக்கே இந்தக் கத்துன்னா, ஆனை வந்தா என்ன செய்வ?" என்று சிரித்தாள். அன்றைக்கு மதினி என்று கூப்பிட்டேன், அது நிலைத்துவிட்டது.

அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு பிறந்து இரண்டும் போய்விட்டன. இரண்டாவது போன மறு மாதம் சிலமலையிலிருந்து ஒரு செவலை நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாளாம். அதை அப்பு என்றுதான் கூப்பிடுவாள், பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி. மலையில் நாய் நிலைக்காது. இரண்டு வருஷம் தாண்டுவதற்குள் சிறுத்தை தூக்கிவிடும். செவலை ஒன்பது வருஷமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் அடைத்துவிடுவாள். மூக்குக்குள் அட்டை ஏறினால் உப்புத் தண்ணீர் விட்டு எடுப்பாள். அவள் சொல்லாமல் அது எதிலும் வாய் வைக்காது. நான் ஒரு தடவை வேண்டுமென்றே ஆட்டு எலும்பைப் போட்டுப் பார்த்தேன். எலும்பையும் அவள் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்ததே தவிர, தொடவில்லை. மதினி வேலை முடிந்து வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் தின்றது. "எங்க வீட்டு ஆம்பளைக்குக்கூட இந்த அடக்கம் இல்ல" என்று நான் சொன்னதைக் கேட்டு அவள் ஒரு வாரம் சிரித்தாள்.

பகலெல்லாம் அது ஸ்டோர் அடுப்போரம் கதகதப்பாகப் படுத்துக் கிடக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வருஷம் காயெடுப்பு மும்முரத்தில் மழை பத்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. கழுதைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போடிச் சந்தையிலிருந்து ஒரு சட்டி நெத்திலிக் கருவாடு வரவழைத்து உறியில் தொங்கவிட்டிருந்தேன். அது நமுத்துப்போய், மேலே வெள்ளையாகப் பூசணம் பிடிக்க ஆரம்பித்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே குழம்பு வைத்துத் தீர்த்திருப்பாள், இல்லாவிட்டால் வெளியே கொட்டியிருப்பாள். நான்தான் எதையும் கெடவிடாத மகராசி ஆயிற்றே!

வீட்டுக்காரர் விறகு பார்க்கப் போயிருந்தார். ஸ்டோர் சாவி மாடத்தில் இருந்தது. ஒரு முறத்தில் கருவாட்டைப் பரப்பி, உள்ளே கொண்டுபோய்க் கீழ்த்தட்டுக்கு அடியில் குழாய்ப் பக்கமாக வைத்தேன். அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் மூத்த பெண், அப்போது இரண்டு வயது, படியில் வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்து கிடக்கிறாள். முகமெல்லாம் ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயிற்றில் அடுத்தது ஐந்து மாதம் வேறு. மதினிதான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வெரசா வா புள்ள" என்று முன்னால் ஓடினாள். பக்கத்துத் தோட்டத்துக் கம்பவுண்டரிடம் போய்த் தையல் போட்டுத் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

வீட்டுக்காரருக்கு அப்போது கடுஞ்சளி. மூக்கு அடைத்துப்போய், தன் சட்டை நாற்றம்கூடத் தெரியாமல் இருந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஓடிப்போய் முறத்தை எடுத்து வந்தேன். கருவாடு மொடமொடவென்று காய்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அறைக்குள் வாடை அடித்தது. மூட்டை கட்டுவதற்குள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு, கருவாட்டை மறுபடி சட்டியில் போட்டு உறியில் தொங்கவிட்டேன்.

ஏலக்காய் போடிக்கு இறங்கியது. நாலாம் நாள் முதலாளி மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தார். வருகிற நாளும் இல்லை அது. போடியில் தரகர் இரண்டு காயை உள்ளங்கையில் நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, இந்த வருசம் கடல்ல ஏலக்காய் போட்டீகளா?" என்று கேட்டாராம். கடை வீதியே சிரித்திருக்கிறது. மனுஷர் அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டே மலை முழுவதும் ஏறி வந்திருக்கிறார்.

நேராக ஸ்டோருக்குள் போனார். தட்டுகளை இழுத்துப் போடச் சொன்னார். கீழ்த்தட்டுக்கு அடியில் மூன்று நான்கு நெத்திலித் தலைகள் கிடந்தன. பொறுக்கிக்கொண்டு வெளியே வந்து, என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"என்னய்யா இது? ஸ்டோர்ல மீன் கடை போட்டிருக்கியா?"

அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. ஒரு தலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்கள் எல்லாரும் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் கூடிவிட்டார்கள். மதினியும் அவள் புருஷனும்கூட அதில் நின்றார்கள்.

"இன்னைக்கே மூட்டையக் கட்டு. பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு எறங்கு கீழ. இனி இந்த மலையில எவன் ஒனக்கு வேலை குடுக்குறான்னு பாக்குறேன்" என்றார் முதலாளி.

இறங்கினால் போவதற்கு எங்களுக்கு வீடு இல்லை. என் பெண் நெற்றியில் கட்டோடு இடுப்பில் இருந்தாள். அடுப்போரத்தில் செவலை படுத்திருந்தது. என் கண் அதன்மேல் விழுந்தது, அவ்வளவுதான், நாக்கு முந்திக்கொண்டது.

"நாய்தாங்க மொதலாளி. எங்க வீட்டுக் கருவாட்டக் கவ்விக்கிட்டு, கதவு தெறந்திருந்த நேரம் ஸ்டோருக்குள்ள ஓடுச்சு."

"அய்யோ, இல்லீங்க!" என்றாள் மதினி. "அப்பு திருடித் திங்காதுங்க. இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும்."

ஆமாம் ஆமாம் என்று இரண்டு மூன்று பேர் முனகினார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க. புள்ளைக்கு அடிபட்ட அவசரம், வெரட்டாம விட்டுட்டேன்."

மதினி என்னைப் பார்த்தாள். நானாக இல்லாமல் வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் மல்லுக்கு நின்றிருப்பாள். முதலாளி என்றுகூடப் பார்த்திருக்க மாட்டாள், அந்த வாய் அவளுக்கு உண்டு. தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் என் வீட்டுக்காரரின் வேலை தப்பியது. நாளைக்குக் கழுதை இறங்கும்போது நாயும் இறங்க வேண்டும், நாய்தான் முக்கியம் என்றால் அதை வளர்த்தவர்களும் கூடவே இறங்கலாம் என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று, போடியையும் தாண்டிக் கிழக்கே போகிற பார வண்டியில் கட்டிவிடச் சொல்லிக் கழுதைக்காரரிடம் உத்தரவு.

சாயங்காலம் வீட்டுக்காரர் அண்ணாந்து உறியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, சட்டி உறியில தொங்குது. நாய் உறியில ஏறுச்சா?"

நான் அழ ஆரம்பித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். "பாவம் ஒரு எடம், பழி ஒரு எடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து அடுப்புக்கு விறகு போடப் போய்விட்டார். போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை. அவர் சாகிற வரைக்கும் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றபடி சண்டை சச்சரவு இல்லாமல் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினோம்.

மறுநாள் காலையில் கழுதைச் சத்தம் கேட்டதும் நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். செவலையை எப்படிக் கூட்டிப் போனார்கள் என்று பார்க்கவில்லை. அது குரைத்திருந்தால் கேட்டிருக்கும், ஆனால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாழிகை கழித்துக் கதவு தட்டினார்கள். திறந்தால் மதினி, கையில் கேப்பைக் கஞ்சியோடு நிற்கிறாள்.

"கோவிச்சுக்காத புள்ள," என்றாள். "எம் பிள்ளையால ஒன் வீட்டுக்காரரு நாலு பேருக்கு முன்னால பேச்சு வாங்கிட்டாரு. வயித்துப்பிள்ளைக்காரி, நேத்து ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்ட. குடி."

அடியாத்தி, அதைவிட அந்தக் கஞ்சியை என் தலையில் ஊற்றியிருக்கலாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், அது பொய்யும் இல்லை. மதினி ஒரு வருஷத்துக்கு மேல் அதன் தகரத் தட்டைக் கழுவிக் கழுவி வாசலில் வைத்தாள். திரும்பி வந்துவிடும் என்று நம்பினாள். மழை பெய்தால், "கெழக்க மழை கொறச்சலாம்ல, எங்கயாவது காஞ்ச எடத்துல படுத்திருக்கும்" என்பாள். நான் "ஆமா மதினி" என்பேன். 

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் எங்கள் பழக்கம் இறுகியது. நாய்மேல் வைத்ததையெல்லாம் அவள் என் பிள்ளைகள்மேல் வைத்தாள். என் இரண்டாவது பிரசவத்தை அவள்தான் பார்த்தாள். என் மகன் முதல் முதலில் நடந்தது அவள் வீட்டு வாசலில். நானும் அவளுக்கு எதையும் மறுத்ததில்லை. காய்ச்சல் என்றால் நான் போய்ச் சமைத்துக் கொடுத்தேன், அவள் புருஷன் குடித்துவிட்டு வந்தால் நான் போய்ச் சண்டை போட்டேன். தோட்டமே எங்களைப் பார்த்துப் பேசியது. குற்றம் செய்தவள் எவ்வளவு நல்ல சிநேகிதியாக இருக்க முடியும் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

ஆறேழு வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை கிடைத்தது. மலையை விட்டு ஒரேயடியாக இறங்குவது என்று முடிவாயிற்று. இனி அந்த முதலாளியிடம் பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கிருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. இறங்கிப் போவதற்கு முன் மதினியிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். அவள் அடிப்பாளோ, காறித் துப்புவாளோ, ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டாளோ, எதுவானாலும் பட்டுக்கொள்வது என்றிருந்தேன்.

எங்களை வழியனுப்ப அவளும் முந்தல் வரைக்கும் கூட வந்தாள். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கழுதைகளோடு முன்னால் போய்விட்டார்கள். பாதி வழியில் ஒரு பாறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கீழே போடி ஊர் வெயிலில் தெரிந்தது. நான், "மதினி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இரு புள்ள," என்றாள். "நான் ஒண்ணு சொல்லணும் மொதல்ல. நீ போயிட்டா அப்புறம் யார்கிட்ட சொல்வேன்."

சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். அன்றைக்குக் காலையில், கழுதைக்காரர் வருவதற்கு முன்னால், வீட்டுக்குள் வைத்துச் செவலையை அடித்தாளாம். விறகுக் கட்டையால் அடித்தாளாம்.

"ஒன்பது வருசம் கை நீட்டுனதில்ல புள்ள. இப்படி என்னைய நாலு பேருக்கு முன்னால பொய்க்காரி ஆக்கிட்டியேன்னு ஆங்காரம். அது ஓடல. கத்தல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நின்னதுனால இன்னும் அடிச்சேன். பின்னங்காலு போயிருச்சு. நொண்டிக்கிட்டேதான் கழுதைக்குப் பின்னால போச்சு. அந்தக் காலோட எப்படித் திரும்பி வரும்? தட்டைக் கழுவிக் கழுவி வச்சேனே, வராதுன்னு எனக்குத் தெரியும்."

 அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா ஒண்ணே ஒண்ணுதான் என்னை அரிச்சுக்கிட்டிருக்கு. ஒங்கிட்ட கேக்கவும் பயமா இருந்துச்சு. நீ பாத்தேல்ல? நெசமா அதுதான் எடுத்துச்சா?"

உண்மை என் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் உட்கார்ந்ததே. ஆனால் இப்போது அதைச் சொன்னால், ஒரு பாவமும் அறியாத பிள்ளையைக் காலொடிய அடித்தேன் என்று அவள் மிச்ச காலமெல்லாம் சாவாள். அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று பிற்பாடு பல தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி அது. இன்னொரு பாதி, அவள் பிடித்திருந்த கையை விட்டுவிடுவாளே என்கிற பயம். இரண்டில் எது பெரிய பாதி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாத்தேன் மதினி," என்றேன். "அதுதான் எடுத்துச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்பச் சரி" என்றாள். "தப்புப் பண்ணுன பிள்ளையத்தான் அடிச்சிருக்கேன். பெத்தவ அடிக்கிறதுதானே."

நான் என்ன சொல்ல வந்தேன் என்று அப்புறம் கேட்டாள். ஒன்றும் இல்லை, போடிக்கு அடிக்கடி வந்து போங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன் என்றேன். அவள் எழுந்து என் மூட்டையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு லேசாக நடந்து நான் பார்த்ததில்லை. முந்தல் வரைக்கும் செவலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள், அது குட்டியாக இருந்தபோது என்னென்ன சேட்டை பண்ணியது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் பின்னால் ம் கொட்டிக்கொண்டே இறங்கினேன்.